வைரக் கோள் உருகிய கதை

மாசி, பங்குனி மாதங்களில் முன்னிரவில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் கடக ராசி உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். மிதுனத்துக்கும் சிம்மத்துக்கும் இடையே, பளிச்சென்ற விண்மீன் ஒன்றுகூட இல்லாத பகுதி அது. பூசம் என்று நாம் சொல்லும் மங்கலான கூட்டத்தை முதலில் பிடித்துக்கொண்டு, நீட்டிய கையில் மூடிய முட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் வடக்கே போக வேண்டும். தெருவிளக்கு எட்டாத கிராமத்து வானமாக இருந்தால், கூர்ந்த கண் உள்ளவர்களுக்கு அங்கே ஒரு புள்ளி தட்டுப்படலாம். 55 கேன்க்ரி என்பது அதன் பட்டியல் பெயர். நம்மிடமிருந்து 41 ஒளியாண்டு தொலைவு. நம் சூரியனைவிடச் சற்றுச் சிறியது, சற்றுக் குளிர்ந்தது, வயதில் மூத்தது.

அந்த விண்மீனை ஒட்டி உரசுவதுபோல் சுற்றும் கோள் ஒன்றுக்கு 55 கேன்க்ரி ஈ என்று பெயர். 2015-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் பொதுமக்கள் வாக்கெடுப்பு நடத்தி விண்மீனுக்குக் கோப்பர்நிக்கஸ் என்றும், இந்தக் கோளுக்கு யான்சன் என்றும் பெயர் சூட்டியது. யான்சன், பழைய ஹாலந்தில் கண்ணாடி வில்லை செய்தவர். கண்டுபிடித்து இருபது ஆண்டுகள் ஆன இந்தக் கோளின் உருவத்தை அறிவியலாளர்கள் எத்தனை முறை அழித்து எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நெப்டியூன் போன்றது என்றார்கள். ஈயம்போல் அடர்ந்தது என்றார்கள். நீராவி போர்த்தியது என்றார்கள். வைரம் என்றார்கள். ஊரறிந்த பெயர் கடைசியில் சொன்னதுதான். இன்றைக்கும் குழந்தைகளுக்கான அறிவியல் காணொளிகளில் “வைரக் கோள்” என்றே இது அறிமுகமாகிறது. அந்தப் பெயருக்கு ஆதாரமாக இருந்த அளவு, ஓராண்டிலேயே திருத்தப்பட்டுவிட்டது.

முதல் சித்திரத்திலிருந்து தொடங்குவோம். 1996-ல் பால் பட்லரும் ஜெஃப்ரி மார்சியும் இந்த விண்மீனுக்கு ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள்; வியாழனைப் போல் பெரியது, பதினைந்து நாளுக்குள் ஒரு சுற்று முடிப்பது. 2002-க்குள் எண்ணிக்கை மூன்றானது. கோளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கோள் சுற்றும்போது விண்மீனும் சிறிது முன்னும் பின்னும் அசைகிறது, அந்த அசைவு அதன் நிறமாலைக் கோடுகளை மிகச் சிறிய அளவில் இடம்பெயர்க்கிறது. அதை அளந்துதான் எல்லாம். 2004 ஆகஸ்டு இறுதியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பார்பரா மெக்ஆர்தரும் அவருடைய குழுவினரும் நான்காவது கோளை, அதாவது நம் 55 கேன்க்ரி ஈ-யை, அறிவித்தார்கள். விண்மீன் நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் தள்ளாடுவதை வைத்து, சுமார் 14 பூமி எடை, 2.8 நாளுக்கு ஒரு சுற்று என்று கணக்கிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். 41 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் நெருப்புக் கோளம் ஒரு சைக்கிள்காரரின் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதைப் பூமியிலிருந்து பிடித்துவிட்டார்கள்.

எடையை வைத்து, நெப்டியூன் வகையைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தினார்கள். பருமன் தெரியாது. எனவே வாயு மூட்டையா, பாறையா என்று சொல்ல வழியில்லை.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. விண்மீனை இரவில் மட்டுமே பார்க்க முடியும், அதுவும் அது வானில் உயரத்தில் இருக்கும் நேரத்தில். அதனால் அளவீடுகள் எல்லாம் ஏறத்தாழ 24 மணி நேர இடைவெளியில் விழுகின்றன. ஒரு கோள் ஒரு நாளுக்குள் ஒரு முழுச் சுற்றையும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும் முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு முறை மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு அந்த முழுச் சுற்று கண்ணில் படாது. மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்கு நகர்வு மட்டுமே தெரியும். அவர் கணக்குப்படி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். 2004-ல் கிடைத்த 2.8 நாள் இப்படி வந்த எண்தான்.

2010-ல் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ரெபெக்கா டாசனும், டேனியல் ஃபாப்ரிக்கியும் அதே பழைய தரவுகளை எடுத்து, பூமியின் பகல் இரவு ஒழுங்கு தரவில் என்னென்ன போலித் தடங்களைப் பதிக்கும் என்று ஆராய்ந்தார்கள். உண்மையான காலம் 0.7365 நாள் என்று வந்தது. அதாவது 17 மணி 41 நிமிடம். எடையும் சுமார் 14 பூமியிலிருந்து எட்டுக்கு இறங்கியது. புதிய தொலைநோக்கி எதுவும் இல்லை, புதிதாக ஓர் இரவுகூட அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை. இருந்த எண்களை ஒழுங்காகக் கேள்வி கேட்டார்கள். இந்தக் கோளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். பெரிய கருவிகளைப் பற்றியே செய்தி எழுதிப் பழகிய நாம், மேசையில் உட்கார்ந்து செய்த இந்த வேலையின் பெருமையைச் சொல்வதே இல்லை.

அந்த ஒரு திருத்தம் பல கதவுகளைத் திறந்தது. ஆண்டு அவ்வளவு சிறியது என்றால் கோள் விண்மீனுக்கு மிக அருகில் இருக்கிறது. சுமார் 23 லட்சம் கிலோமீட்டர் தூரம்தான். நம் புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அவ்வளவு அருகில் இருப்பது நம் பார்வைக் கோட்டில் விண்மீனின் முகத்தைக் கடந்து போவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. 2.8 நாள் என்று நம்பித் தேடியவர்களுக்கு எந்த நிழலும் அகப்படவில்லை. 17 மணி 41 நிமிடம் என்று தேடியவர்களுக்கு உடனே கிடைத்தது.

2011-ல் இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அந்த நிழலைப் பிடித்தன. ஒரு குழு பயன்படுத்தியது கனடாவின் மோஸ்ட் என்ற செயற்கைக்கோள். அதன் கண்ணாடியின் குறுக்களவு வெறும் 15 சென்டிமீட்டர். வானியல் ஆர்வலர்கள் மொட்டை மாடியில் வைத்திருக்கும் தொலைநோக்கி அளவு. மற்றது நாசாவின் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி. கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி மூவாயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவின் ஆழத்திலிருந்து பருமன் வந்தது. மோஸ்ட் குழுவின் முதல் கணக்கில் பருமன் சிறியதாக வந்ததால், ஈயம் அளவுக்கு அடர்த்தியான பாறைக் கோள் என்று செய்திகள் பரவின. ஆய்வுக்கட்டுரை அச்சேறும்போது பருமன் கூடி, அடர்த்தி பாதியாகக் குறைந்துவிட்டது. ஸ்பிட்சர் அளவும் அதையே ஒட்டியிருந்தது. இன்று ஏற்கப்படும் எண்கள்: பூமியைப் போல் எட்டு மடங்கு எடை, சுமார் 1.9 மடங்கு ஆரம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.7 கிராம் அளவு அடர்த்தி.

இந்த எடையும் பருமனும் ஓர் இக்கட்டான இடத்தில் நிற்கின்றன. பூமியைப் போல் இரும்பும் பாறையும் கலந்த கோளாக இருந்தால் இந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். எனவே மேலே லேசான பொருள் ஏதோ இருக்கிறது. என்ன அது? தண்ணீராக இருக்கலாம் என்றார்கள் சிலர். அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் தண்ணீர் திரவமும் அல்ல, வாயுவும் அல்ல. இரண்டின் குணமும் கலந்த ஒரு நிலையில் கோளைப் போர்த்தியிருக்கும் என்று ஒரு சித்திரம் உருவானது.

அடுத்த ஆண்டுதான் வைரம் வந்தது. நிக்கு மதுசூதன் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வாரணாசியில் பொறியியல் படித்து, பிறகு கோள்களின் வளிமண்டல ஆய்வுக்கு வந்தவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் எழுப்பிய கேள்வி நேர்மையானது: கோளுக்குத் தண்ணீரே இல்லை, ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுந்த பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டால் இந்த எடையும் பருமனும் பொருந்துமா? பொருந்தின. விண்மீனின் நிறமாலையை அளந்தவர்கள் அதில் கார்பன் அணுக்கள் ஆக்சிஜன் அணுக்களைவிட அதிகம், விகிதம் 1.12 என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சூரியனில் அது அரைக்குச் சற்று மேல். விண்மீனும் கோளும் ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை. கார்பன் மிகுந்த மேகத்தில் ஆக்சிஜன் எல்லாம் கார்பன் மோனாக்சைடாகக் கட்டுண்டுவிடும். மிஞ்சிய கார்பன் கிராஃபைட்டாகவும் சிலிக்கன் கார்பைடாகவும் திரளும். கோளின் ஆழத்து அழுத்தத்தில் கிராஃபைட் வைரமாகும். கோளின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்று பூமிக்குச் சமமான அளவு, வைரமாக இருக்கக்கூடும் என்றது ஆய்வு.

ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே “சாத்தியமான” என்ற சொல் இருந்தது. செய்தித்தாள்களில் அது இல்லை. உலகம் முழுக்க வைரக் கோள் மின்னியது. ஓவியங்களில் கறுப்பு மலைகளுக்கிடையே படிகங்கள் முளைத்தன. அதன் சந்தை விலையைக்கூடக் கணக்குப் போட்டார்கள்.

மறு ஆண்டு அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவி ஜொஹான்னா டெஸ்கி விண்மீனின் ஆக்சிஜனை மறுபடி அளந்தார். ஆக்சிஜன் விண்மீன் நிறமாலையில் சில மெல்லிய கோடுகளாகவே தெரியும். கேன்க்ரி போல உலோகங்கள் செறிந்த விண்மீன்களில் மற்றத் தனிமங்களின் கோடுகள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு குழப்பும். ஒரே கோட்டை நம்பாமல் பல கோடுகளை எடுத்துச் சராசரி பார்த்தபோது விகிதம் 0.78 என்று வந்தது. கார்பன் கோள் உருவாகும் எல்லை சுமார் 0.8. எல்லைக்கு மிக அருகேதான், ஆனால் உள்ளே இல்லை. வைரம் முற்றிலும் பொய் என்று இந்த எண் சொல்லவில்லை. வைரம் என்று சொல்லக் காரணமாக இருந்தது இனி இல்லை என்றது. அந்தத் திருத்தத்தை எடுத்துச் சொல்ல ஓவியர்களும் செய்தித் தலைப்பு எழுதுபவர்களும் முன்வரவில்லை. கற்பனைக்கும் அளவுக்கும் இடையே இருந்த நூல் அறுந்த பிறகும், கற்பனை மட்டும் காற்றில் மிதந்து நம் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகம்வரை வந்துவிட்டது. எனக்கு வருத்தமெல்லாம் அதுதான். ஏனென்றால் அளந்து அறிந்த கோள், வைரத்தைவிட எவ்வளவோ சுவையானது.

அங்கே நின்று பார்ப்பதாகக் கற்பனை செய்வோம்; இந்தக் கற்பனைக்குத் தேவையான எண்கள் நம்மிடம் உறுதியாக இருக்கின்றன. வானத்தில் சூரியன் நாம் காண்பதைப் போல் அறுபது மடங்கு அகலமாக இருக்கும். அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அடிவானத்திலிருந்து உச்சிவரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நெருப்புச் சுவராக எழும்பி நிற்கும். உங்கள் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். காலடியில் தரை நொடிக்கு 230 கிலோமீட்டர் அளவு வேகத்தில் விரைகிறது. பூமி சூரியனைச் சுற்றுவது நொடிக்கு 30 கிலோமீட்டர்தான். நேற்று மாலை தொடங்கிய ஆண்டு இன்று நண்பகலுக்குள் முடிந்துவிடும். நிலா எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுவதுபோல் இந்தக் கோளும் ஒரே முகத்தைத் தன் சூரியனுக்குக் காட்டுகிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியானால் ஒரு பக்கம் முடிவில்லாப் பகல், மறுபக்கம் முடிவில்லா இரவு. அப்படி இல்லாமல், இரண்டு சுற்றுக்கு மூன்று முறை தன்னைத் தானே சுழன்றால், அங்கேயும் சூரியன் உதித்து மறையும். பகலில் பாறை ஆவியாகி, மாலையில் குளிர்ந்து, தீக்குழம்பு மழையாகப் பொழியும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்க்கத் தொடங்குமுன் 2022-ல் இந்தச் சாத்தியத்தையும் ஒரு குழு சோதிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

தீக்குழம்புச் சித்திரம் அழுத்தமாக வரையப்பட்டது 2016-ல். பிரைஸ் ஒலிவியே டெமோரியின் குழு ஸ்பிட்சரைக் கொண்டு 80 மணி நேரம் இந்தக் கோளைக் கவனித்து, அதன் வெப்ப வரைபடத்தைத் தயாரித்தது. பகல் பக்கம் சுமார் 2,400 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கம் 1,100 டிகிரிக்குச் சற்று மேல். பாறை உருகும் வெப்பம் இது. ஆனால் மிகச் சூடான இடம் சூரியனுக்கு நேர் கீழே இல்லாமல் 41 பாகை கிழக்கே தள்ளி இருந்தது. வெறும் பாறையாக இருந்தால் வெப்பம் நகராது. ஏதோ ஒன்று, காற்றோ தீக்குழம்பு ஆறோ, வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்று வாதம் எழுந்தது. ஆறு ஆண்டு கழித்து வேறொரு குழு அதே ஸ்பிட்சர் தரவுகளை மறுபடி அலசி, பகல் பக்கம் இன்னும் சூடு, வெப்பத்தின் உச்சம் கிட்டத்தட்ட நடுவிலேயே இருக்கிறது என்று சொன்னது. 2004-ன் தரவுக்கு நடந்தது 2016-ன் தரவுக்கும் நடந்தது. இந்தக் கோளின் ஒளி விண்மீன் ஒளியில் அவ்வளவு நுணுக்கமாகக் கரைந்திருக்கிறது; கருவியின் சின்னச் சின்ன நடுக்கத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து உலகின் வரைபடமே மாறிவிடுகிறது.

அதே 2016-ல் ஹபிள் தரவை வைத்து, ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த வளிமண்டலம் இருப்பதாக லண்டனிலிருந்து ஒரு குழு அறிவித்தது. அவ்வளவு சூட்டில், அவ்வளவு லேசான வாயுக்கள் விண்வெளிக்குத் தப்பி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தப்பும் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சித்திரமும் ஓரமாகப் போய்விட்டது.

நாசா இந்தக் கோளுக்கு ஒரு சுற்றுலாச் சுவரொட்டி வரைந்திருக்கிறது. எரியும் கடலுக்கு மேலே கண்ணாடிக் கூண்டில் பயணிகள் மிதக்கிறார்கள், வானம் மின்னுகிறது. வைரக் கோள் ஓவியங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு நாணயமான கற்பனை! மின்னுவது வைரம் இல்லை. ஆவியான பாறை இருட்டுப் பக்கம் போகும்போது உறைந்த துகள்கள். கடல் அளவிலிருந்து வந்தது, மினுமினுப்பு வேதியியலிலிருந்து வந்தது. கற்பனை செய்வதில் தவறே இல்லை, இந்தச் சுவரொட்டி செய்வதுபோல் எண்ணோடு கைகோத்து நடந்தால்.

2024 மே மாதம் நேச்சர் இதழில் ரென்யூ ஹூ தலைமையிலான குழு வெப் தொலைநோக்கி அளவுகளை வெளியிட்டது. முறை எளிமையானது: கோளும் விண்மீனும் சேர்ந்து தரும் ஒளியை அளந்துகொள்வது, கோள் விண்மீனுக்குப் பின்னால் மறைந்ததும் விண்மீனின் ஒளியை மட்டும் அளப்பது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது கோளின் சொந்த வெப்ப ஒளி. பகல் பக்கம் சுமார் 1,540 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. வளிமண்டலமே இல்லாத, அல்லது ஆவியான பாறை மெல்லிதாகப் படர்ந்த கோளாக இருந்தால் 2,200 டிகிரி அளவுக்கு இருந்திருக்க வேண்டும். இவ்வளவு குறைந்ததற்குக் காரணம், ஒரு வளிமண்டலம் வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோவதாக இருக்க வேண்டும் என்றது குழு. நிறமாலையில் 4 முதல் 5 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடோ கார்பன் மோனாக்சைடோ அந்த ஒளியை உறிஞ்சும்போது விழும் பள்ளம் அது.

கோள் பிறந்தபோது இருந்த காற்று அந்த நெருப்பில் எப்போதோ பறந்துபோயிருக்கும். இப்போது இருப்பது தீக்குழம்புக் கடலிலிருந்து குமிழிட்டு வெளிவருவதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். ஒருபக்கம் விண்மீன் அடித்துக்கொண்டு போகிறது, மறுபக்கம் கடல் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நம் பூமியும் பிறந்த புதிதில் தீக்குழம்புக் கடலாக இருந்தது. அதன் காற்றும் உள்ளிருந்துதான் வெளியேறியது. நம் கண்ணால் இனி ஒருபோதும் பார்க்க முடியாத அந்தப் பழைய பூமிக்கு ஒத்த ஒரு நிலை, கடக ராசியில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வைரச் சுரங்கம் எத்தனை இருந்தால் இதற்கு ஈடாகும்!

கார்பன் கோள் என்று சொன்ன அதே கோளின் மேல் கார்பன் வாயு அகப்பட்டதைச் சிலர் வைரக் கதைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடும். அது பொருந்தாது. பூமியும் வெள்ளியும்கூடக் கார்பன் டை ஆக்சைடை உள்ளிருந்து கக்குகின்றன. அவற்றின் உள்ளே வைரக் கடல் இல்லை.

இவ்வளவு நேரம் சொன்ன அன்றும் இன்றும் எல்லாம் நம் அறிவின் அன்றும் இன்றும். கோள் அப்படியே இருந்தது, நாம் அதைப் பார்த்த விதம் மாறியது. ஆனால் அளவுகள் கூர்மையாகக் கூர்மையாக வேறொரு சங்கதி தலைகாட்டுகிறது. 2012-க்கும் 2013-க்கும் இடையே ஸ்பிட்சர் பதிவு செய்த பகல் பக்க வெப்ப ஒளி பல மடங்கு மாறியது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கப் பார்த்தார்கள். ஐரோப்பாவின் கியோப்ஸ் செயற்கைக்கோளும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏற்ற இறக்கத்தைக் கண்டது. வெப் தொலைநோக்கியும் கண்டது. கோள் மறையும்போது ஒளி குறையும் அளவு ஒரு தடவை தெளிவாக இருந்தது, இன்னொரு தடவை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சில நாள், சில வார இடைவெளியில் கோளே மாறுவதுபோல் தெரிகிறது.

விளக்கங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. கடல் பொங்கி வாயுவை வெளிவிடுவதும் அது பறந்துபோவதும் மாறி மாறி நடக்கிறது என்பது ஒன்று. தீக்குழம்பு சூடேறினால் பாறை ஆவியாகி மேகம் திரள்கிறது, மேகம் வெயிலை மறைத்ததும் கடல் குளிர்கிறது, கடல் குளிர்ந்தால் ஆவி குறைந்து மேகம் கலைகிறது, மறுபடி வெயில் அடிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மையானால் 41 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள பாறைக் கோள் ஒன்றின் வானிலையை நாம் பார்க்கத் தொடங்கிவிட்டோம். பாறையால் ஆன மேகம், பாறையால் ஆன மழை. எது சரி என்று தீர்மானிக்க ஒரே வழி, அடுத்தடுத்த சுற்றுகளில் விடாமல் பார்ப்பது. அதற்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு 17 மணி 41 நிமிடத்துக்கும் அந்தக் கோள் ஒரு முறை விண்மீனுக்குப் பின்னால் போய்வருகிறது.